யாருக்கு மருந்து?

காது கேட்காத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறேன் என்று சொன்னால் ஊரில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "பேச வச்சிருவீங்களா?" நான் வேலைக்குச் சேர்ந்த அன்று ரயிலடியில் என்னை ஏற்றிக்கொண்ட ஆட்டோக்காரர் கேட்டார். ஓய்வு பெற்ற அன்று எனக்குச் சால்வை போர்த்தியவரும் கேட்டார். இரண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன். "பேசுவாங்க. நமக்குப் புரியணும்."

இந்த வருடம் வேலைக்கு வந்திருக்கும் உங்களிடமும் கேட்பார்கள். பதிலை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். காது மிஷினை எப்படிச் சோதிப்பது, உதட்டு எழுத்தையும் நாக்கு எழுத்தையும் எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது, வெளிச்சம் நம் முகத்தில் விழும்படி எங்கே நிற்பது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். அதை நான் மறுபடி சொல்லி உங்கள் நேரத்தைக் கெடுக்கப்போவதில்லை. பயிற்சியில் சொல்லாத ஒன்று இருக்கிறது. அது எனக்கே கயல் என்ற பிள்ளையால்தான் தெரிந்தது. அதை மட்டும் சொல்கிறேன்.

தஞ்சாவூரில் நான் இருந்தது விடுதியோடு சேர்ந்த பள்ளி. எங்கள் தலைமையாசிரியர் வாய்ப்பேச்சுக் கட்சி. சைகை கூடாது என்பார். கெட்ட மனிதர் இல்லை. அவர் படித்த காலத்தில் அப்படித்தான் படிப்பித்தார்கள். கையைப் பேச விட்டால் வாய் சோம்பேறியாகிவிடும் என்று நிஜமாகவே நம்பினார். வகுப்பு நடக்கும்போது பிள்ளைகள் இரண்டு கையையும் டெஸ்க்கின் மேல் வைத்திருக்க வேண்டும். மைதானத்தில் அவர்கள் கையை வீசிப் பேசுவதை மட்டும் பார்க்காததுபோல் போய்விடுவார்.

நான் இரண்டையும் சேர்த்துத்தான் நடத்தினேன். வாயால் சொல்வேன், அதே நேரம் கையாலும் சொல்வேன். காரணம் பெரிய கொள்கை ஒன்றும் இல்லை. 'படம்', 'மடம்', 'பணம்' என்று கண்ணாடி முன்னால் நின்று சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதட்டில் மூன்றும் ஒன்றுதான். வெறும் உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளை பாதி நேரம் யூகித்துக்கொண்டிருக்கிறது. நாம் அதைக் கவனம் என்று நினைத்துப் பாராட்டுகிறோம். கையையும் சேர்த்துக் காட்டினால் எது என்று தெரிந்துவிடும். பிறகு உதட்டைப் பார்க்கவும் பயம் இருக்காது.

தலைமையாசிரியர் வராந்தாவில் நடந்து வரும் சத்தம் அந்த அறையில் எனக்கு மட்டும்தான் கேட்கும். அதனால் 'கையை டெஸ்க் மேலே வை' என்று காட்டும் பொறுப்பு என்னுடையது. என் பிள்ளைகள் மிக வேகமாகக் கற்றுக்கொண்ட பாடம் அதுதான்.

கயல் எங்களிடம் வந்தபோது காதில் மிஷின் இருந்தது. கேட்கும் திறனும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஒரு சொல், இரண்டு சொல் தெளிவாகப் பேசுவாள். அவள் அப்பா செல்வராசு பாபநாசம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவர். பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்த நாளிலிருந்து அலையாத ஆஸ்பத்திரி இல்லை. பள்ளி விடுமுறையில் அவள் வீட்டுக்கு வந்தால் கூடவே உட்கார்ந்து, பிள்ளையின் உள்ளங்கையைத் தன் வாய்க்கு முன்னால் வைத்து, காற்று படுகிற மாதிரி 'ப' சொல்லிக் காட்டுவாராம். நடவு நாளிலும் அதை விட்டதில்லையாம். இதை அவர் மனைவி வளர்மதி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் சொல்லிக்கொள்ள மாட்டார்.

அப்படிப்பட்டவர் ஒரு பெற்றோர் கூட்டத்தன்று என் வகுப்பு ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டார். நான் கையை ஆட்டிக்கொண்டிருக்கிறேன். கயலும் ஆட்டிக்கொண்டிருக்கிறாள். கூட்டம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. வாய் வரணும்னுதானே இவ்வளவு தூரம் கொண்டாந்து விட்டிருக்கோம்?"

"வாயும்தான் வருது, கயல் அப்பா. பேசறா பாருங்க."

"கையில சொல்லிட்டா போதும்னு ஆயிட்டா வாய் எதுக்கு வரும்? நாளைக்கு இவ பஸ்ஸுல போகணும். கடையில ஒரு சாமான் கேக்கணும். இன்னொரு வீட்டுக்குப் போகணும். அங்க யாருக்குக் கை தெரியும்?"

"வீட்டுல நீங்க ரெண்டு பேரும் கொஞ்சம் கத்துக்கிட்டா..."

"எங்களுக்கு வேண்டாம் டீச்சர். அவ எங்ககிட்ட பேசட்டும்."

அதில் கோபம் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.  கோபமாக வருகிற பெற்றோருக்குப் பதில் சொல்வது சுலபம். இந்த வேலையில் நீங்கள் அதிகம் பார்க்கப்போவது கெஞ்சுகிறவர்களை.

அதற்குப் பிறகு அவர் வீட்டில் ஒரு சட்டம் போட்டார். கயல் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கையைக் கட்டிக்கொண்டு வாயால் சொல்ல வேண்டும். கையை எடுத்தால் மெதுவாகப் பிடித்து இறக்கிவிடுவார். அடிக்கமாட்டார். அதட்டவும் மாட்டார். பிடித்து இறக்கிவிடுவார், அவ்வளவுதான். கயல் நல்ல பிள்ளை. பள்ளியில் ஒன்று, வீட்டில் ஒன்று என்று பழகிக்கொண்டாள்.

ஒரு வருடம் அரையாண்டு விடுமுறை. சம்பா கதிர் வாங்கிக்கொண்டிருந்த சமயம். நான் மன்னார்குடியில் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பகல் வேளை. பஸ் நிறையக் கூட்டம். எனக்குப் பக்கத்தில் மகள் வீட்டுக்குப் போகிற ஓர் அம்மா, காலுக்கு நடுவில் ஒரு வாழைத்தாரை நிறுத்தி வைத்திருந்தார். போன் அடித்தது. செல்வராசு. எடுத்தேன்.

"டீச்சர், சின்னவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கோம்."

சின்னவன் என்றால் கயலின் தம்பி அகிலன். நடை பழகி ஓட ஆரம்பித்திருந்த வயது. அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"என்ன ஆச்சு?"

"வாந்தி எடுத்தான். இப்ப வாயில எச்சி வடியுது. கண்ணைத் தொறக்க மாட்டேங்கிறான். எதையோ குடிச்சிருக்கான். எதைன்னு தெரியல. கயல்தான் கூட இருந்திருக்கா. 'மருந்து'ங்கிறா. வேற ஒண்ணும் சொல்லத் தெரியல. கையால என்னமோ காட்டறா. எங்களுக்குப் புரியல, டீச்சர்."

பின்னால் ஒரு பெண் குரல் போனை வாங்கியது. அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் டாக்டர். வயது குறைவு என்று குரலிலேயே தெரிந்தது. நிதானம் மட்டும் குறையவில்லை.

"மேடம், வீட்டுல இருமல் மருந்து இருக்குன்னு சொல்றாங்க. எலி மருந்து இருக்குங்கிறாங்க. பூச்சி மருந்து தெளிச்சு முடிச்சாச்சு, மிச்சம் இல்லைங்கிறார் அப்பா. மூணும் 'மருந்து'தான். எனக்குப் பூச்சி மருந்து மாதிரிதான் படுது. ஆனா ஒண்ணுக்குக் குடுக்கறதை இன்னொண்ணுக்குக் குடுக்க முடியாது. பூச்சி மருந்துலயும் எதுன்னு தெரிஞ்சா நல்லது. இந்தப் பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்ல முடியுமா?"

நடந்தது இதுதான் என்று பிறகு தெரிந்தது. தம்பி எதையோ குடிப்பதைப் பார்த்ததும் கயல் அம்மாவிடம் ஓடியிருக்கிறாள். கையைக் கட்டிக்கொண்டு, வீட்டுச் சட்டப்படி, வாயால் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள். "தம்பி மருந்து." உச்சரிப்பில் ஒரு குறையும் இல்லை. காலையில்தான் அகிலனுக்கு இருமல் மருந்து கொடுத்திருந்தார் வளர்மதி. பெண் அதை ஞாபகப்படுத்துகிறாள் என்று நினைத்து, "குடுத்தாச்சு கண்ணு" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்திருக்கிறார். பிள்ளை வாந்தி எடுத்த பிறகுதான் திரும்பிப் பார்த்திருக்கிறார்.

வளர்மதி மேல் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. நீங்களும் நானும் அங்கே இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம்.

வீடியோ காலில் வரச் சொன்னேன். வந்தார்கள். திரை முழுக்கக் கயலின் முகம். அவ்வளவு கிட்டத்தில் செல்வராசு போனைப் பிடித்திருந்தார். அவருக்குப் பேச்சு என்றால் வாய். அதனால் வாயைக் காட்டினார்.

"கயல் அப்பா, போனைத் தள்ளிப் பிடிங்க. எனக்குக் கை தெரியணும்."

தள்ளிப் பிடித்தார். இப்போது கை தெரிந்தது. அவருடைய இன்னொரு கை அவள் இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. பிடித்திருப்பது அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"அவ கையை விடுங்க."

விட்டார். போனை நர்ஸ் வாங்கிக்கொண்டார்.

இப்போது என் பக்கம் ஒரு சிக்கல். கையால் பேச எனக்கு இரண்டு கையும் வேண்டும். போனை யார் பிடிப்பது? பக்கத்தில் இருந்த அம்மாவிடம் நீட்டினேன். "கொஞ்சம் இப்படியே பிடிச்சுக்கிறீங்களா? என் நெஞ்சு வரைக்கும் தெரியணும்." அவர் ஒன்றும் கேட்கவில்லை. வாழைத்தாரை முழங்காலால் அணைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் போனை ஆரத்தித் தட்டு மாதிரி பிடித்தார்.

அதற்குள் படம் நின்றுவிட்டது. பஸ் வயலுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. கயலின் கை பாதி வழியில், காற்றில், அப்படியே நின்றது.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாதியில் நின்ற கையிலிருந்து அர்த்தம் எடுக்காதீர்கள். அந்த நேரத்தில் மனது எதையாவது எடுக்கச் சொல்லும். எனக்கும் சொன்னது. வாய்க்குப் பக்கத்தில் நின்ற அந்தக் கையைப் பார்த்து நான் நாலு விதமாகச் சொல்லியிருக்க முடியும். நாலுமே டாக்டருக்கு நம்பும்படியாக இருந்திருக்கும்.

எழுந்து நின்று கண்டக்டரைக் கூப்பிட்டேன். "ஒரு சின்னப் பிள்ளை எதையோ குடிச்சுட்டு ஆஸ்பத்திரியில கிடக்கு. என்ன குடிச்சதுன்னு நான் இந்தப் பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்லணும். சிக்னல் கிடைக்கிற இடத்துல கொஞ்சம் நிறுத்துங்க."

கண்டக்டர் திரையில் உறைந்திருந்த பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். முன்னால் போய் டிரைவரிடம் பேசினார். கொஞ்ச தூரம் போய், நாலு வீடும் ஒரு செல்போன் டவரும் இருந்த இடத்தில் பஸ் நின்றது. எஞ்சினையும் நிறுத்தினார் டிரைவர். பின்னாலிருந்து ஒருவர், "என்னாச்சு, பிரேக் டவுனா?" என்றார். கண்டக்டர், "ஆமா" என்றார். விளக்கம் சொல்லுவதைவிட அதுதான் சீக்கிரம் முடியும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

படம் வந்தது. நான் கையாலும் வாயாலும் சேர்த்துக் கேட்டேன். கை கயலுக்கு. வாய் அங்கே நிற்கிறவர்களுக்கு. நான் என்ன கேட்கிறேன் என்று டாக்டருக்கும் தெரிய வேண்டும். பெரியவர்களை இருட்டில் வைத்துவிட்டுப் பிள்ளையோடு மட்டும் பேசினால் அவர்கள் பாதியில் போனைப் பிடுங்கிவிடுவார்கள். அவர்களோடு மட்டும் பேசினால் பிள்ளை நம்மை விட்டுப் போய்விடும்.

"தம்பி என்ன குடிச்சான்?"

கயலின் கை வேகமாக வந்தது. தம்பி. பாட்டில். குடித்தான். பிறகு உள்ளங்கையில் ஒரு விரலை வைத்துத் தேய்த்தாள். எங்கள் பள்ளியில் மருந்துக்கு அதுதான் சைகை. உரலில் மாத்திரை அரைப்பது மாதிரி. விடுதியில் யாருக்காவது காய்ச்சல் என்றால் அதைத்தான் காட்டுவோம். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

கையும் சொல்லிவிட்டது. வாயும் அதையே சொன்னது. இரண்டும் ஒத்துப்போயின. காய்ச்சல் மருந்து, இருமல் மருந்து. "சிரப்புன்னுதான் நினைக்கிறேன் டாக்டர்" என்ற வாக்கியம் என் வாய்க்குள் தயாராக இருந்தது. டாக்டரும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லாமல் நிறுத்தியதற்குக் காரணம் கயலின் முகம். சொன்னது போய்ச் சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால் பிள்ளையின் முகம் கொஞ்சம் தளரும். உங்களுக்கும் பழகப்பழகத் தெரியும். அவள் முகம் தளரவில்லை. இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது, ஆனால் நான் கேட்டால்தான் வரும் என்ற மாதிரி பார்த்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் இந்தச் சொல்லை எங்கே எடுத்தாள்? வீட்டில் அப்பாவின் உதட்டைப் பார்த்து எடுத்திருப்பாள். அவர் வயலுக்குக் கிளம்பும்போது என்ன சொல்வார்? 'மருந்து அடிக்கப் போறேன்' என்பார். பூச்சி மருந்து என்று நம் பக்கம் யார் முழுசாகச் சொல்கிறார்கள்? அந்த உதட்டைப் பள்ளியில் படித்த சைகையோடு அவளே சேர்த்துக்கொண்டிருக்கிறாள். தமிழில் ஒரு சொல் என்றால் கையிலும் ஒன்றுதானே என்பது அவள் கணக்கு. நியாயமான கணக்கு.

ஆகவே இரண்டாவது கேள்வி கேட்டேன். என் வேலையில் நான் கேட்டதிலேயே நல்ல கேள்வி அதுதான். ரொம்பச் சின்னக் கேள்வி.

"யாருக்கு மருந்து? அம்மாவுக்கா? உனக்கா? தம்பிக்கா?"

மூன்றுக்கும் தலையை ஆட்டி இல்லை என்றாள். டீச்சருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்பதுபோல் ஒரு நொடி பார்த்தாள். பிறகு முழங்கை உயரத்துக்குக் கதிர் வைத்துக் காட்டினாள். நெல். முதுகில் ஒரு பாரத்தை ஏற்றிக்கொண்டாள். இடது கை இடுப்புக்குப் பக்கத்தில் மேலும் கீழும் போனது. வலது கை முன்னால் பக்கவாட்டில் வீசியது. ஸ்பிரேயர். இது நான் சொல்லிக்கொடுத்தது இல்லை. பார்த்ததை அப்படியே செய்தாள்.

"பயிருக்கு அடிக்கிற மருந்து டாக்டர்" என்றேன்.

"தீர்ந்துபோச்சே..." என்று செல்வராசின் குரல் ஓரத்தில் கேட்டது.

"கயல், அந்தப் பாட்டில் எங்க இருந்துச்சு? யாரு வச்சது?"

பதில் வந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற மோட்டார் கொட்டகை. குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதையும் மேலே கூரையையும் காட்டினாள். கூரைக்குக் கீழே, பின்பக்கம், தரையில். ஜூஸ் பாட்டில், ஆரஞ்சு நிறம். பெரிய டப்பாவிலிருந்து அதற்குள் மிச்சத்தை ஊற்றுவதைக் காட்டினாள். ஊற்றியது யார் என்று காட்ட மூக்குக்குக் கீழே இரண்டு விரலால் மீசையை முறுக்கினாள். அப்பா.

செல்வராசு பக்கத்தில்தான் நிற்கிறார். வளர்மதி நிற்கிறார். அக்கம்பக்கத்திலிருந்து கூட வந்தவர்களும் இருப்பார்கள். போன் ஸ்பீக்கரில் இருக்கிறது. இங்கே ஒரு பஸ் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கயல் சொன்னதை நான் குரலாக்க வேண்டும்.

"மோட்டார் கொட்டகையில, கூரைக்குக் கீழ, ஒரு ஆரஞ்சு ஜூஸ் பாட்டில்ல மிச்ச மருந்தை ஊத்தி வச்சிருந்தாங்களாம். அதை எடுத்துக் குடிச்சிருக்கான்."

தமிழில் இது ஒரு வசதி. 'ஊத்தி வச்சிருந்தாங்களாம்' என்று யார் பெயரும் இல்லாமல் சொல்லிவிடலாம். டாக்டருக்குத் தேவை எது, எவ்வளவு, எங்கே என்பதுதான். யார் என்பது இல்லை. அவர் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

 பிறகு செல்வராசு பேசினார். குரல் தெளிவாக இருந்தது.

"நான்தான் டாக்டர் ஊத்தி வச்சேன். டப்பா ஒழுகுச்சுன்னு மாத்தி வச்சேன். மறந்துட்டேன்." மருந்தின் பெயரையும் சொன்னார். கம்பெனிப் பெயரோடு, எவ்வளவு மிச்சம் இருந்திருக்கும் என்பதோடு சொன்னார். வயல்காரருக்கு அது தெரியாமல் போகுமா?

டாக்டர் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நர்ஸ் போனை எங்கோ வைத்துவிட்டு ஓடினார். எனக்கு ஆஸ்பத்திரியின் மின்விசிறி தெரிந்தது. அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காலடிச் சத்தம், ஏதோ தட்டு உருளும் சத்தம், வளர்மதி பிள்ளையின் பெயரைத் திரும்பத் திரும்பச் சொல்லும் சத்தம். பிறகு இணைப்பு போய்விட்டது.

வாழைத்தாரோடு இருந்த அம்மா இன்னும் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார். "பிள்ளை பொழச்சுக்குமா?" என்றார்.

"தெரியலைம்மா."

போனைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்து என்னிடம் கொடுத்தார். பஸ் கிளம்பியது. பின்சீட்டில் ஒரு பையன் எல்லாவற்றையும் வீடியோ எடுத்திருந்தான். பிரேக் டவுன் ஆன பஸ்ஸில் ஒரு பெண்மணி கையை வீசிச் சண்டை போடுகிற வீடியோ ஏதாவது உங்கள் போனுக்கு வந்திருந்தால் அது நான்தான்.

சாயங்காலம் டாக்டரே கூப்பிட்டார். உடனே கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, ஆம்புலன்ஸில் தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார்கள். பிள்ளை கண்ணைத் திறந்துவிட்டான், ஆனால் சில நாள் வைத்துப் பார்க்க வேண்டும் என்றார். "அந்த 'யாருக்கு'ன்னு கேட்டீங்களே மேடம்" என்று ஆரம்பித்தார். யாரோ கூப்பிடவே வைத்துவிட்டார்.

அந்த மீசையை நான் சொல்லாமல் விட்டது சரியா என்று எங்கள் ஆசிரியர் அறையில் பிறகு பெரிய விவாதம் நடந்தது. என்னைவிட வயதில் சின்ன ஒரு டீச்சர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை. "பிள்ளை சொன்னதை முழுசா சொல்றதுதானே மேடம் நம்ம வேலை? அவ சொன்னதுல ஒண்ணை நீங்க எடுத்துட்டீங்க" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கயல் தன் அப்பாவைக் காட்டிக்கொடுக்கவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள். அந்தப் பதிலை நான் சபையில் போட்டிருந்தால், ஒருவேளை பிள்ளை பிழைக்காமல் போயிருந்தால், கயலின் கைதான் வாழ்நாள் முழுக்க அந்த வீட்டில் சாட்சியாக நின்றிருக்கும். ஒரு கணத்தில் அதை நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன். நீங்கள் வேறு மாதிரி செய்தால் உங்களோடு சண்டைக்கு வரமாட்டேன்.

பள்ளி திறந்ததும் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார். விஷயம் அவர் காதுக்குப் போயிருந்தது.  "'மருந்து'ங்கிற சொல்லை அந்தப் பொண்ணு தெளிவா சொன்னாளாமே" என்றார். "ரொம்பத் தெளிவா சொன்னா சார்" என்றேன். "ம்" என்றார். அதற்குப் பிறகு என் வகுப்புப் பக்கம் வரும்போது வராந்தாவின் அந்த முனையிலேயே இருமிவிட்டு வர ஆரம்பித்தார். அவர் கொள்கை மாறியதாக அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆனால் பள்ளி திறப்பதற்கு முன்பு, பிள்ளையைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்ததற்கு மறுநாள் காலையில் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

செல்வராசு வீடியோ காலில் வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே வளர்மதியை மட்டும் விட்டிருந்தார்கள். கயல் அவருக்குப் பக்கத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அகிலன் தாய்ப்பாலுக்கு அழுததாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"சொல்லுங்க."

"'அப்பா மேல கோவமா'ன்னு கையால எப்படிக் கேக்கறது?"

அவர் முகம் என்னைப் பார்க்கவில்லை.  போனைச் சுவரில் சாய்த்து வைக்கச் சொன்னேன். செய்து காட்டினேன். அப்பா. மேல். கோபம். கடைசியில் புருவத்தை உயர்த்த வேண்டும், அதுதான் கேள்வி என்றேன். விரல்களை மடக்கி நெஞ்சில் வைத்துப் பார்த்தார். மண்வெட்டி பிடித்த விரல்கள், எளிதில் மடங்கவில்லை. என்னைப் பார்த்து மறுபடி செய்தார். புருவம் ஏறவில்லை. மறுபடி செய்தார்.

பிறகு திரும்பி, மகளைத் தொட்டுக் கூப்பிட்டு, அவளிடம் கேட்டார்.

கயல் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் கை பேசி அவள் பார்த்ததே இல்லை. முகத்தைப் பார்த்தாள். மறுபடி கையைப் பார்த்தாள். ஏதோ ஒன்றைத் திருத்துவதற்காக அவர் சுண்டுவிரலைப் பிடித்து இன்னும் கொஞ்சம் மடக்கிவிட்டாள். அதன் பிறகுதான் பதில் சொன்னாள். இல்லை என்று ஒரு கையை அசைத்தாள். உள்ளங்கையை வயிற்றில் வைத்து உள்ளே அழுத்தினாள்.

முந்தின நாள் மத்தியானத்திலிருந்து அந்தப் பிள்ளைக்கு யாரும் சோறு போடவில்லை. யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவள் சொன்னதை அவருக்குச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் செல்வராசு எழுந்து கேண்டீன் பக்கம் பாதி வராந்தா போய்விட்டிருந்தார்.